டிரைவ் மாற்றிய பிறகு மென்பொருள் திறக்கவில்லை: காலையில் ஒரு பிழை, மாலையில் வேறு பிழை

ஆல்பம்_கரூர் | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். கணினியில் சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 10. டி டிரைவ் 1 டிபி பழைய ஹார்ட் டிஸ்க். சி-யில் இடம் போதாது என்பதால் மென்பொருள், டெம்ப்ளேட், எழுத்துரு, வேலை எல்லாமே டி-யில்தான் இருந்தன.

போன வாரம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. அன்றைக்கே 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, டி-யில் இருந்த அத்தனையையும் காப்பி பேஸ்ட் செய்தேன். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன்.

இப்போது நிலைமை இது. போட்டோ மென்பொருளின் லோகோ வருகிறது, ‘பிரிஃபரன்ஸ்’ என்று ஏதோ ஓடுகிறது, அப்படியே மூடிக்கொள்கிறது. ஆல்பம் மென்பொருள் ஒவ்வொரு நேரம் ஒவ்வொன்று சொல்கிறது. காலையில் ‘கேஷ் எழுத இடம் இல்லை’ என்றது (கேஷ் என்றால் மென்பொருள் தற்காலிகமாக எழுதி வைக்கும் கோப்புகள்). மாலையில் அதே மென்பொருள் ‘பாதை கிடைக்கவில்லை’ என்றது. நடுவில் நான் எதையும் மாற்றவில்லை. போட்டோ மென்பொருளைப் புதிய டிரைவில் மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.

இதைவிட வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஆல்பத்தில் மணமக்கள் பெயர் தமிழில் இருந்த இடத்தில் எல்லாம் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை 22 ஷீட் அச்சுக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பிக்சல்_ராஜா | செவ்வாய், இரவு 11.05

சகோ, போல்டரைத் தூக்கி வைத்தால் மென்பொருள் கூடவே வராது. விண்டோஸை ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான். அது முடியாது என்றால் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பழைய பாதையைத் தேடி எல்லா இடத்திலும் புதிய டிரைவ் எழுத்தைப் போட்டுவிடலாம். அதற்குக் கருவிகள் இருக்கின்றன.

மரப்பலகை | செவ்வாய், இரவு 11.30

இரண்டையும் இன்றைக்குச் செய்ய வேண்டாம், தயவுசெய்து. ஃபார்மட் அடித்தால் எங்கே என்ன இருந்தது என்ற தடயமே போய்விடும். ரெஜிஸ்ட்ரியில் மொத்தமாக மாற்றினால், பாதை எழுதியிருக்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் எது மென்பொருளுடையது, எது விண்டோஸுடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மறுபடி நிறுவியும் சரியாகவில்லை என்றீர்களே, அதுதான் நல்ல தடயம். நிறுவும்போது மாறாத ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. நான்கு விஷயம் சொல்லுங்கள்:

புதிய டிரைவுக்கு இப்போது என்ன எழுத்து? டிவிடி டிரைவ் இருக்கிறதா? காலையில் பிழை வந்த நேரத்தில் பென்டிரைவ் ஏதாவது செருகியிருந்ததா? சி டிரைவில் இடம் இல்லை என்று முன்பு யாராவது ஏதாவது போல்டரை டி-க்கு மாற்றிக் கொடுத்தார்களா?

ஆல்பம்_கரூர் | புதன், காலை 8.15

புதிய டிரைவ் எஃப். டிவிடி டிரைவ் இ. டி என்று இப்போது எதுவுமே இல்லை.

பென்டிரைவ் விஷயம் நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். நேற்று காலையில் பெண் வீட்டார் நிச்சயதார்த்தப் படங்கள் கொண்டுவந்த பென்டிரைவ் செருகியிருந்தது. மத்தியானம் கொடுத்தனுப்பிவிட்டேன்.

போல்டர் மாற்றிய விஷயம்: இரண்டு வருடத்துக்கு முன்னால் சி நிறைந்துபோய், ஒரு சர்வீஸ்காரர் வந்து ‘இனி பிரச்சினை வராது’ என்று ஏதோ கருப்புத் திரையில் அடித்துவிட்டுப் போனார். என்ன செய்தார் என்று தெரியாது.

மரப்பலகை | புதன், காலை 9.00

சரி, படம் தெளிவாகிவிட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே சிக்கலில் மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

டிரைவ் எழுத்து டிரைவுக்குள் இருப்பதில்லை. டிஸ்க்கின் எந்தப் பிரிவுக்கு (பார்ட்டிஷன்) எந்த எழுத்து என்று விண்டோஸ்தான் தன் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் காப்பி செய்த இரவில் பழையது டி, டிவிடி இ. அதனால் புதியதற்கு அடுத்து காலியாக இருந்த எஃப் கிடைத்தது. பழையதைக் கழற்றினாலும் புதியது எஃப் ஆகவேதான் இருக்கும், டி-க்கு நகராது. காலியாகக் கிடந்த டி-யில் வந்து உட்கார்ந்தது அந்தப் பென்டிரைவ். விண்டோஸ் பொதுவாக முதலில் காலியாக இருக்கும் எழுத்தைத்தான் புதிதாகச் செருகுவதற்குக் கொடுக்கும். ஆல்பம் மென்பொருள் பழக்கப்படி டி-யில் கேஷ் எழுதப் போயிருக்கிறது. அங்கே இருந்தது சின்னப் பென்டிரைவ், இடம் இல்லை என்றது. மாலையில் பென்டிரைவும் இல்லை, பாதையே இல்லை என்றது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் மாறியது அது ஒன்றுதான்.

போட்டோ மென்பொருள் மூடிக்கொள்வதற்குக் காரணம் அந்தக் கருப்புத் திரை வேலையாக இருக்கும் என்று நினைக்கிறேன். சி-யில் உங்கள் பயனர் போல்டருக்குள் ‘ஆப்டேட்டா’ என்று மறைவாக ஒன்று இருக்கும். பிரஷ், செட்டிங், வேலைத்தளம் எல்லாம் மென்பொருள் அங்கேதான் வைக்கும். அது வீங்கினால், உள்ளிருப்பதை டி-க்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஜங்ஷன் என்று ஒரு இணைப்பை வைப்பார்கள். மென்பொருளுக்கு அது சாதாரண போல்டர் மாதிரியே தெரியும். ஆனால் அந்த இணைப்புக்குள் முழுப் பாதையும், டி என்ற எழுத்து உட்பட, எழுதப்பட்டிருக்கும். டி போனால் இணைப்பு வெறும் வாசல், உள்ளே வீடு இல்லை. மென்பொருளை எத்தனை தடவை நிறுவினாலும் அது அதே வாசலில்தான் போய் நிற்கும்.

சோதித்துப் பார்க்க: கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘டிர்’ கட்டளையை, சாய்கோடு போட்டு ஏ-எல், இன்னொரு சாய்கோடு போட்டு எஸ், அதன்பின் உங்கள் பயனர் போல்டரின் பாதை, இப்படிக் கொடுங்கள். ஒரு பட்டியல் வரும். ஜங்ஷன் என்று விண்டோஸே வைத்திருப்பவை நிறைய வரும், அவற்றைத் தொட வேண்டாம். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் டி என்று தொடங்கும் பாதை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஆல்பம்_கரூர் | புதன், காலை 9.50

இருக்கிறது ஐயா! இரண்டு வரி. ஒன்று போட்டோ மென்பொருளின் போல்டர், இன்னொன்று ஆல்பம் மென்பொருளின் போல்டர். இரண்டுக்கும் அடைப்புக்குள் டி டிரைவில் ‘ஆப்டேட்டா நகல்’ என்ற பாதை. எக்ஸ்ப்ளோரரில் போய்ப் பார்த்தால் அந்த போல்டர் படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. இரண்டு வருடமாக நான் கவனித்ததே இல்லை. இரட்டைக் கிளிக் செய்தால் இடம் கிடைக்கவில்லை என்கிறது.

பெண் வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பென்டிரைவில் ‘கேஷ்’ என்று முடியும் புதுப் போல்டர் ஒன்று இருக்கிறதாம். அவர்கள் வைத்ததில்லை என்கிறார்கள்.

மரப்பலகை | புதன், காலை 10.10

அப்படியானால் சந்தேகமே இல்லை. வரிசை முக்கியம், அதனால் இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

முதலில், எஃப்-இல் புதிதாக நிறுவிய போட்டோ மென்பொருளை முறையாக நீக்குங்கள். இப்போது நீக்காமல் எழுத்தை மாற்றினால் அதுவும் எஃப்-ஐத் தேடிக்கொண்டு நிற்கும், நீக்கவும் முடியாமல் தவிப்பீர்கள். நீக்கும்போது ‘செட்டிங்கை வைத்துக்கொள்ளவா’ என்று கேட்டால் ஆம் கொடுங்கள். பிறகு பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், புதிய டிரைவில் வலது கிளிக், டிரைவ் எழுத்தை மாற்றும் வரி, டி. எழுத்தை நம்பியிருக்கும் சில மென்பொருள்கள் ஓடாமல் போகலாம் என்று எச்சரிக்கை வரும். எழுத்து மாறுவதுதான் நமக்கு வேண்டும், ஆம் கொடுங்கள். கணினியை ஒரு தடவை அணைத்து எழுப்புங்கள்.

அதன்பின் போட்டோ மென்பொருளை சி-யிலேயே நிறுவுங்கள், சில ஜிபி-தான் ஆகும். ஸ்கிராட்ச் டிஸ்க்கை, அதாவது வேலையின்போது மென்பொருள் தற்காலிகமாக எழுதும் இடத்தை, மட்டும் டி-க்குக் காட்டுங்கள். உங்கள் ஷீட் 12க்கு 36 அங்குலம்தானே? 300 டிபிஐ-யில் அது 3600க்கு 10800 பிக்சல். 8 பிட் ஆர்ஜிபி-யில் ஒரே ஒரு லேயர் சுமார் 117 எம்பி. பத்துப் பன்னிரண்டு லேயர், அதோடு ஹிஸ்டரி என்று சேர்ந்தால் சி-யில் மிச்சமிருக்கும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்த இழையைப் படிக்கும் போட்டோஷாப் பயனர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கிராட்ச் டிஸ்க் காணாமல் போய் மென்பொருளே திறக்கவில்லை என்றால், விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி திறந்தால் ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி முதலில் வரும்.

ஆல்பம்_கரூர் | புதன், மதியம் 12.35

திறந்துவிட்டது. இரண்டும். என் பிரஷ், ஆக்ஷன், வேலைத்தளம் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை ஐயா.

தமிழ் எழுத்தும் பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் ஆல்பம் மென்பொருளில் பாமினியும் தலைப்புக்குப் போடும் ஒரு கொழுத்த எழுத்துருவும் இன்னும் வரவில்லை. ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகள் நிற்கின்றன. அந்த இரண்டையும் திங்கட்கிழமை பதற்றத்தில் நான் மறுபடி நிறுவினேன். போட்டோ மென்பொருளில் அவை தெரிகின்றன, ஆல்பம் மென்பொருளில் மட்டும் இல்லை.

யாழ்_அச்சு | புதன், மதியம் 1.20

அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அழைப்பிதழ் வேலை செய்கிறோம். பாமினி இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது.

முதலில் பயப்படாதீர்கள். பாமினி யூனிகோட் (தமிழுக்குத் தனிக் குறியீடு இருக்கும் பொதுத் தரமுறை) எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. கோப்புக்குள்ளே எப்போதும் இருந்தது அந்த ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். எழுத்துரு இருந்தால் ‘தமிழ்’ என்று தெரியும், இல்லாவிட்டால் விசைகள் அப்படியே தெரியும். உங்களின் பெயர்கள் ஒன்றும் அழியவில்லை. தயவுசெய்து ஒரு ஷீட்டிலும் கை வைத்துத் திருப்பித் தட்டச்சு செய்ய வேண்டாம்.

மற்ற எழுத்துருக்கள் டிரைவ் எழுத்தை மாற்றியதும் தானாக வந்ததற்குக் காரணம், அவை குறுக்குவழி முறையில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனலில் எழுத்துரு அமைப்புக்குள் அப்படி ஒரு தெரிவு இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எழுத்துருவை விண்டோஸுக்குள் பிரதி எடுக்காமல், டி-யில் இருக்கும் கோப்பின் பாதையை மட்டும் பதிந்து வைக்கும். அதுவும் உங்களின் ஜங்ஷன் போலத்தான், எழுத்து மாறினால் எல்லாம் போய்விடும்.

மிச்ச இரண்டும் வேறு பிரச்சினை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் இருந்து, எழுத்துருக் கோப்பில் வலது கிளிக் செய்து சும்மா ‘இன்ஸ்டால்’ கொடுத்தால், அது உங்கள் ஒரு பயனருக்கு மட்டும், ஆப்டேட்டாவுக்குள் போய் உட்காரும். புதிய மென்பொருள்கள் அதைப் பார்க்கும். கொஞ்சம் பழையவை விண்டோஸின் ஃபான்ட்ஸ் போல்டரை மட்டும்தான் பார்க்கும். அந்த இரண்டையும் நீக்கிவிட்டு, வலது கிளிக் செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறவுங்கள்.

ஆல்பம்_கரூர் | புதன், மதியம் 2.05

வந்துவிட்டது தம்பி. திறந்ததும் 14ஆவது ஷீட்டில் பெண்ணின் பெயர் பளிச்சென்று தமிழில் நின்றது. அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தறியூர்_வீடியோ | புதன், மாலை 4.30

அண்ணே, இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். நான் டாவின்சி ரிசால்வில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இதேபோல எஸ்எஸ்டி மாற்றியதும் டைம்லைன் முழுக்கச் சிவப்பு, மீடியா ஆஃப்லைன். எழுத்தை மாற்றினால் போதுமா?

மரப்பலகை | புதன், மாலை 5.10

பழைய எழுத்தையே கொடுக்க முடிந்தால் அது போதும். முடியாவிட்டால் மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், ‘ரீலிங்க்’ கொடுத்துப் புதிய போல்டரைக் காட்டுங்கள். கோப்பின் பெயரை மட்டும் நடுவில் மாற்றிவிடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. ரிசால்வில் ப்ராஜெக்ட், வீடியோ இருக்கும் போல்டரில் இருப்பதில்லை. அது ப்ராஜெக்ட் லைப்ரரி என்ற தனித் தரவுத்தளத்தில் இருக்கிறது. 800 ஜிபி வீடியோவைப் பத்திரமாகக் காப்பி செய்துவிட்டு, விண்டோஸ் இருந்த டிஸ்க்கை ஃபார்மட் அடித்துவிட்டு, எடிட் மொத்தத்தையும் இழந்தவர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிரைவில் கை வைக்கும் முன் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் எக்ஸ்போர்ட் செய்து டிஆர்பி கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படங்களோடு சேர்த்து நகர்த்த வேண்டுமானால் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ் இருக்கிறது.

முப்பரிமாணம் | புதன், மாலை 6.45

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் பக்கம் இருந்து ஒரு வரி. நான் கல்லூரி மாணவி. டிரைவ் மாற்றியதும் என் மாடல் முழுக்க அடர் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. படக்கோப்பு கிடைக்காவிட்டால் பிளெண்டர் அந்த நிறத்தைத்தான் காட்டும். ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குள் ‘காணாமல் போன கோப்புகளைத் தேடு’ என்பதைக் கொடுத்ததும் வந்துவிட்டது. இப்போது எல்லாப் பாதைகளையும் சார்புப் பாதையாக, அதாவது பிளெண்ட் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையாக, மாற்றி வைத்திருக்கிறேன். அப்படி இருந்தால் போல்டரை மொத்தமாக எங்கே நகர்த்தினாலும் கவலை இல்லை. ஆனால் படமும் பிளெண்ட் கோப்பும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், சி-க்கும் டி-க்கும் நடுவில் சார்புப் பாதை செல்லாது.

பிக்சல்_ராஜா | புதன், இரவு 9.20

மரப்பலகை சார், ஃபார்மட் அடிக்கச் சொன்னது அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இப்போதும் ஜங்ஷன் அப்படியேதானே இருக்கிறது? நாளைக்கு மறுபடி டிரைவ் மாற்றினால் இதே கதை. இதை அடியோடு சரிசெய்ய வேண்டாமா? முதலிலேயே குளோன் (டிரைவை முழுசாக அப்படியே பிரதி எடுப்பது) செய்திருந்தால் இவ்வளவு அலைச்சலே இல்லையே.

மரப்பலகை | புதன், இரவு 10.00

இரண்டுமே நியாயமான கேள்வி. குளோன் செய்திருந்தால் கோப்பு அனுமதிகள், இணைப்புகள், ஃபார்மட் செய்யும்போது டிரைவுக்குக் கிடைக்கும் வரிசை எண் வரை அப்படியே வந்திருக்கும். டிரைவ் நன்றாக இருக்கும்போது நானும் குளோன்தான் சொல்வேன். ஆனால் டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்க்கை முழுக்க ஓட்டிப் படிப்பது ஆபத்து. நடுவில் அது நின்றுபோனால் எதுவுமே மிஞ்சாது. முக்கியமான கோப்புகளை முதலில் எடுத்ததுதான் சரி. கரூர்க்காரர் பதற்றத்தில் செய்திருந்தாலும் சரியாகவே செய்தார்.

ஜங்ஷனை நீக்குவது பற்றி: ஆம், நீக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை அச்சு முடியட்டும். டி-யில் இருக்கும் உள்ளடக்கத்தை முதலில் இன்னொரு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் இணைப்பில் கை வைக்க வேண்டும். அதை ‘ஆர்எம்டிர்’ கட்டளையால் மட்டும் நீக்குங்கள், வேறு எந்தச் சாய்கோடும் சேர்க்காமல். அப்படிச் செய்தால் இணைப்பு மட்டும் போகும். ‘டெல்’ கட்டளையைத் துணைப் போல்டர்களோடு சேர்த்து ஓட்டினால் வாசல் வழியாக உள்ளே போய் வீட்டையே காலி செய்துவிடும்.

கரூர் தம்பிக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. காப்பி செய்த ராத்திரியில், படிக்க முடியவில்லை என்று ஏதாவது கேட்டதா? ‘ஸ்கிப்’ கொடுத்தீர்களா?

ஆல்பம்_கரூர் | புதன், இரவு 10.25

கொடுத்தேன். மூன்று நான்கு தடவை கேட்டது, எல்லாவற்றுக்கும் ஸ்கிப் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எந்தக் கோப்பு என்று பார்க்கவில்லை.

மரப்பலகை | புதன், இரவு 10.40

அச்சுக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டுங்கள். டி இப்போது புதியதுக்குப் போய்விட்டதால் பழையதற்கு வேறு எழுத்து வரும், அது சரிதான். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையில் பழையதை மூலமாகவும் டி-யை இலக்காகவும் கொடுத்து, துணைப் போல்டர்களுக்கு சாய்கோடு ஈ, கடைசியில் சாய்கோடு எல் சேருங்கள். எல் இருந்தால் அது எதையும் காப்பி செய்யாது, இங்கே இருந்து அங்கே இல்லாததையும் வேறுபடுவதையும் பட்டியல் மட்டும் போடும். அந்த டிஸ்க்கை அதிக நேரம் ஓட விடாதீர்கள்.

ஆல்பம்_கரூர் | வியாழன், காலை 7.50

பட்டியலில் நான்கு கோப்பு வந்தது. இரண்டு பழைய டெம்ப்ளேட், தேவையில்லை. ஒன்று ஆல்பம் மென்பொருளின் டிஎல்எல், அதாவது அது ஓடும்போது பயன்படுத்தும் துணைக் கோப்பு. அது இல்லாமலேதான் நேற்று ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஷீட்டை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தபோது மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம் போலிருக்கிறது. நான்காவது, தாலி கட்டும் நேரத்தில் எடுத்த ஒரு ரா படம் (கேமராவின் அசல் கோப்பு).

பிக்சல்_ராஜா | வியாழன், காலை 8.05

டிஎல்எல் கோப்பை மட்டும் இணையத்தில் தேடி இறக்கிப் போட்டுவிடாதீர்கள் சகோ. எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு என்று தெரியாத கோப்பு. மென்பொருளின் நிறுவியையே ஓட்டி ‘ரிப்பேர்’ கொடுங்கள், அதுவே சரியானதை வைக்கும். மெமரி கார்டில் அந்த ரா படம் இன்னும் இருக்கலாம், போட்டோ எடுத்தவரைக் கேளுங்கள்.

ஆல்பம்_கரூர் | வியாழன், இரவு 8.30

ரிப்பேர் கொடுத்ததும் எக்ஸ்போர்ட் ஓடுகிறது. போட்டோ எடுத்த அண்ணன் கார்டை இன்னும் அழிக்கவில்லை, சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். தாலி படம் கிடைத்துவிட்டது.

ஒரு பிளக்-இன் (மென்பொருளோடு சேரும் துணைக் கருவி) மட்டும் உரிமம் செல்லாது என்கிறது. அதைத் தயாரித்தவர்களைக் கேட்டபோது, அது டிரைவின் வரிசை எண்ணையும் சேர்த்துப் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். புதிதாக ஃபார்மட் ஆன டிரைவில் அந்த எண் மாறிவிடுமாம். பழைய பதிவை நீக்கிப் புதியதைத் தருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. இந்த ஆல்பத்துக்கு அது தேவையில்லை, அதனால் காத்திருக்கலாம்.

22 ஷீட்டும் எக்ஸ்போர்ட் ஆகி, ஒவ்வொன்றாகத் திறந்து பெயர்களைப் படித்துப் பார்த்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு லேபுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஜங்ஷன் இரண்டையும் எடுத்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.

ஆல்பம்_கரூர் | ஞாயிறு, மாலை 6.10

எடுத்துவிட்டேன். ஆப்டேட்டா நகலை முதலில் வெளி டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, ஆர்எம்டிர் கொடுத்து, சி-யில் உண்மையான போல்டரை வைத்தேன். போட்டோ மென்பொருளின் போல்டர் 6 ஜிபி, அதில் 5 ஜிபிக்கு மேல் பழைய கேஷ். அதை நீக்கியதும் சி-யில் இடப் பிரச்சினையே இல்லை. எழுத்துருக்கள் எல்லாவற்றையும் எல்லாப் பயனர்களுக்கும் என்று கொடுத்து மறுபடி நிறுவிவிட்டேன். டிர் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன், டி என்று ஒரு வரியும் வரவில்லை.